குருதியின் உயரத்தை அளந்தவர்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் எனப் பரந்து கிடக்கும் கரிசல் நிலத்தில் நீரைப் பற்றி அளவின்றிப் பேசுவார் இலர். மழை பெய்தால் எத்தனை உழவு மழை என்பர். கிணற்றை எட்டிப் பார்த்தால் எத்தனை ஆள் மட்டம் என்பர். மின்னாற்றலால் இயங்கும் பம்புசெட்டு வருவதற்கு முன் அக்கிணறுகளில் கமலை பூட்டி இறைத்தனர். மாடுகள் சரிவில் இறங்க, வடம் இழுபட்டுக் கூனை நிறைந்து மேலே வரும், தொட்டியில் கொட்டும். மாடுகள் பின்வாங்கி மேடேறும் நேரத்தில் கிணற்றிலிருந்து ஒரு சொட்டு நீரும் வாராது. ஆயினும் வாய்க்காலில் ஓட்டம் அறுவதில்லை. தொட்டியில் தேங்கிய நீர், அடுத்த கூனை வரும்வரை அதனைத் தாங்கிக்கொள்கிறது. வாய்க்காலின் நீர்மட்டம் உயர்வதும் தாழ்வதும் எதனால் என்று முதிய உழவர் ஒருவரைக் கேட்டால், இரண்டு காரணங்களைக் கூறுவார். ஒன்று, எவ்வளவு இறைக்கிறோம் என்பது. மற்றொன்று, எத்தனை மடைகள் திறந்திருக்கின்றன என்பது.

நம் உடலில் ஓடும் குருதிக்கும் இவ்விரண்டே காரணங்கள். ஓய்வாக இருக்கும் ஒருவரின் இதயம் ஒரு துடிப்புக்கு ஏறக்குறைய 70 மில்லிலிட்டர் குருதியை வெளியேற்றுகிறது. நிமிடத்துக்கு 72 துடிப்பு எனக் கொண்டால் 5 லிட்டர் ஆகிறது. இதனை இதய வெளியீடு என்பர். அக்குருதி நுண்ணிய நாளங்களின் வழியே புகுந்து செல்லும்போது எதிர்கொள்ளும் தடையே மற்றொரு காரணம். வெளியீடும் தடையும் சேர்ந்தே இரத்த அழுத்தத்தைத் தீர்மானிக்கின்றன. இன்று எளிதாகத் தோன்றும் இவ்வுண்மையைக் கையால் தொட்டு, அளந்து, எண்ணாக்கிக் காட்டிய முதல் மனிதர் மருத்துவர் அல்லர். அவர் ஆங்கிலேய நாட்டுச் சிற்றூர் ஒன்றின் தேவாலயக் குரு. பெயர் ஸ்டீபன் ஹேல்ஸ்.

கென்ட் மாவட்டத்தின் பீக்ஸ்பர்ன் என்னும் ஊரில் 1677ஆம் ஆண்டு செப்டம்பரில், பழங்குடிப் பெருமையுடைய ஒரு குடும்பத்தின் ஆறாம் மகனாக ஹேல்ஸ் பிறந்தார். அக்காலத்தில் மூத்த மகனுக்கு நிலமும் இளைய மக்களுக்குச் சமயப் பணியோ படைப் பணியோ என்பது வழக்கம். ஹேல்ஸ் 1696இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் சேர்ந்து இறையியல் கற்றார். ஆனால் அந்நாளைய கேம்பிரிட்ஜில் நியூட்டனின் காற்று வீசிக்கொண்டிருந்தது. எண்ணாலும் எடையாலும் அளவாலும் இயற்கையை அறியலாம் என்னும் நம்பிக்கை இளைஞர் உள்ளங்களில் வேரூன்றிய காலம் அது. 1703இல் கல்லூரியின் ஆய்வுறுப்பினர் ஆனார். அங்கே தம்மினும் இளையவரான வில்லியம் ஸ்டூக்லி என்பவரோடு நட்புக் கொண்டார். இருவரும் சுற்றுப்புற வயல்களில் அலைந்து செடிகளைத் தேடினர். கோள்களின் இயக்கத்தைக் காட்டும் பொறியொன்றைச் செய்தனர். நாயின் நுரையீரலுக்குள் உருக்கிய ஈயத்தை ஊற்றி அதன் கிளைகளை வார்த்தெடுத்தனர். இறையியல் மாணவரின் அறையில் இவையெல்லாம் எங்ஙனம் இடம்பெற்றன என்று வியக்க வேண்டியதில்லை. படைப்பின் ஒழுங்கை அளந்து காண்பதும் வழிபாட்டின் ஒரு பகுதியே என அவர் கருதினார்.

1709இல் தேம்ஸ் ஆற்றங்கரையில் உள்ள டெடிங்டன் என்னும் ஊருக்குக் குருவாக வந்தார். அதன்பின் தம் வாழ்நாளின் எஞ்சிய 51 ஆண்டுகளும் அவ்வூரை விட்டு அவர் பெயரவில்லை.

குருதி உடலெங்கும் சுற்றி வருகிறது என்பதை வில்லியம் ஹார்வி 1628இலேயே நிறுவிவிட்டார். ஆனால் அது எத்துணை விசையோடு ஓடுகிறது என்பதை எவரும் அளந்தாரில்லை. அளவாமல் கணித்தவர்கள் இருந்தனர். இத்தாலிய அறிஞர் போரெல்லி, இதயம் 1,80,000 பவுண்டு எடைக்கு இணையான தடையை வெல்கிறது என்றார். ஜேம்ஸ் கீல் என்னும் மருத்துவரோ அவ்விசை சில அவுன்சுகளே என்றார். மதிப்பிற்குரிய அறிஞர் இருவரின் விடைகளுக்கு இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தொலைவு இருந்தது. இப்பூசலைத் தீர்க்க வாதம் உதவாது, அளவையே உதவும் என்பதை ஹேல்ஸ் உணர்ந்தார்.

டெடிங்டனுக்கு வந்த சில ஆண்டுகளில், ஒரு டிசம்பர் மாதத்தில், அந்தப் புகழ்பெற்ற ஆய்வு நடந்தது. (பல நூல்கள் இதனை 1733ஆம் ஆண்டின் நிகழ்வாக எழுதுகின்றன. அது ஆய்வு அச்சேறிய ஆண்டு, நிகழ்ந்த ஆண்டன்று.) பதினான்கு வயதுடைய பெண்குதிரை ஒன்று, தோளுக்கு மேலே ஆறாத புண்ணுடையது, பணிக்கு இனி உதவாதது. அதனை மல்லாக்கக் கிடத்திக் கட்டினர். தொடையின் தமனியைத் திறந்து, ஓர் அங்குலத்தில் ஆறிலொரு பங்கு துளையுடைய பித்தளைக் குழாயை அதனுள் செருகினார் ஹேல்ஸ். அதனோடு 9 அடி நீளமுள்ள கண்ணாடிக் குழாயைச் செங்குத்தாகப் பொருத்தினார். தமனியில் இட்ட கட்டை அவிழ்த்ததும் குருதி குழாயில் பாய்ந்தேறியது. பாதி உயரத்தை ஒரு நொடியில் எட்டியது. பின்னர் ஒவ்வொரு துடிப்புக்கும் சிறிது சிறிதாக மேலேறி, இதயத்தின் மட்டத்திலிருந்து 8 அடி 3 அங்குல உயரத்தில் நின்றது. நின்றது என்பதும் முழுதும் சரியன்று. அவ்வுயரத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் 2, 3, 4 அங்குலம் என ஏறி இறங்கி ஊசலாடிக்கொண்டிருந்தது. இரத்த அழுத்தம் என நாம் அழைப்பதை மனிதக் கண் நேரில் கண்ட காட்சி அது. இன்றைய பாதரச அளவில் கூறினால் 190 மில்லிமீட்டரை ஒட்டி வரும். கட்டுண்டு அஞ்சிக் கிடந்த விலங்கின் அழுத்தம் ஆதலின் அது இயல்பினும் உயர்ந்தே இருந்திருக்கும்.

இதனோடு ஹேல்ஸ் நின்றிருந்தால் அவர் ஓர் எண்ணைக் கண்டவராக மட்டும் எஞ்சியிருப்பார். அவர் மேலும் ஒரு வினாவை எழுப்பினார். இதயத்துக்கு வந்து சேரும் குருதி குறைந்தால் இவ்வுயரம் என்னாகும்? கண்ணாடிக் குழாயை அகற்றிக் குருதியை ஒரு கலத்தில் அளந்து வடியவிட்டார். மீண்டும் குழாயைப் பொருத்தி உயரத்தைக் குறித்தார். ஒவ்வொரு குவார்ட்டு குருதிக்கும் ஒருமுறை இங்ஙனம் செய்தார். உயரம் குறைந்துகொண்டே வந்தது. ஆனால் வடிந்த அளவுக்கு நேர் விகிதத்தில் குறையவில்லை. தொடக்கத்தில் பல குவார்ட்டு குருதி வெளியேறிய பின்னரும் அழுத்தம் பெரிதும் தாங்கி நின்றது. பிறகே விரைந்து சரிந்தது. அதே நேரத்தில் துடிப்பின் எண்ணிக்கை ஏறியது. அச்சமின்றி நிற்கும் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 36 முறை அளவில் துடிக்கும். குருதி இழந்த அக்குதிரையின் துடிப்போ 100ஐக் கடந்தது. முடிவில் குளிர்ந்த வியர்வை பெருக அது உயிர்நீத்தது.

அழுத்தம் ஏன் நேர் விகிதத்தில் குறையவில்லை? இதற்கான முழு விளக்கம் ஹேல்சின் காலத்தில் இல்லை. இன்று அறிவோம். கழுத்துத் தமனியின் கிளைப்பிலும் பெருந்தமனியின் வளைவிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. இதய வெளியீடு குறைந்து அழுத்தம் தாழ்ந்தால், அவை மூளையின் முகுளத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. உடனே இதயம் விரைந்து துடிக்கிறது. தோலிலும் குடலிலும் உள்ள சிறு நாளங்கள் சுருங்குகின்றன. கமலையில் இறைப்புக் குறைந்ததும் சில மடைகளை அடைத்து வாய்க்காலின் மட்டத்தைக் காப்பது போன்றதே இது. மடையை முற்றும் அடைத்த பின்னும் இறைப்புக் குறைந்துகொண்டே போனால் காப்பதற்கு வழியில்லை. அந்தக் குதிரையின் இறுதி நேரத்துச் சரிவு அதுவே.

இதன் மறுபக்கமும் அறியத்தக்கது. கடுமையாக ஓடும் வீரரின் இதய வெளியீடு நான்கு மடங்காகி 20 லிட்டரை எட்டக்கூடும். அழுத்தமும் நான்கு மடங்காகுமெனின் நாளங்கள் வெடித்துவிடும். அவ்வாறு நிகழாமைக்குக் காரணம், உழைக்கும் தசைகளின் நாளங்கள் அதே வேளையில் அகன்று தடையைத் தளர்த்துவதே. இறைப்பு மிகுந்தபோது மடைகளும் மிகுதியாகத் திறக்கின்றன. சித்திரை வெயிலில் குனிந்து களையெடுத்தவர் திடீரென நிமிரும்போது கண் இருண்டு தள்ளாடுவதும் இவ்வகையில் விளங்கும். வியர்வையால் நீர் குறைந்த உடலில் குருதி கால்களில் தேங்க, இதயத்துக்குத் திரும்பும் அளவு குறைகிறது, வெளியீடு தாழ்கிறது, காப்பு ஏற்பாடு செயற்படுவதற்குள் ஒரு கணம் மூளைக்குக் குருதி போதாமற்போகிறது.

ஹேல்ஸ் மேலும் சில குதிரைகளையும், ஆடுகளையும் நாய்களையும் ஆய்ந்தார். அசையும் விலங்கோடு கண்ணாடிக் குழாயை இணைக்க வளையும் குழாய் தேவைப்பட்டது. ரப்பர் குழாய் இல்லாத அக்காலத்தில் பெருவாத்தின் மூச்சுக்குழலை அதற்குப் பயன்படுத்தினார். இறந்த விலங்கின் இடது கீழறைக்குள் உருக்கிய மெழுகை ஊற்றி, அவ்வார்ப்பின் பருமனைக் கொண்டு ஒரு துடிப்புக்கு வெளியேறும் குருதியைக் கணித்தார். அதனைத் துடிப்பின் எண்ணிக்கையால் பெருக்கி நிமிட வெளியீட்டையும் கண்டார். மனித இதயத்தின் இடது கீழறை ஏறக்குறைய 51 பவுண்டு எடைக்கு இணையான விசையைத் தாங்குகிறது என்பது அவர் முடிவு. போரெல்லியின் மலையும் கீலின் மடுவும் ஒருங்கே வீழ்ந்தன. மனிதக் குருதி 7½ அடி உயரம் ஏறும் என்று அவர் மதிப்பிட்டது மட்டும் சற்று மிகை. இன்றைய இயல்பான அழுத்தத்துக்கு அது 5 அடியளவே ஏறும்.

இவ்விடத்தில் ஒன்றைக் கூறாமல் கடப்பது நேர்மையாகாது. வலி உணராமற் செய்யும் மருந்துகள் அறுவை மருத்துவத்துக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டின் நடுவில்தான். ஹேல்சின் விலங்குகள் நோவை முழுதும் உணர்ந்தே மடிந்தன. அருகில் ட்விக்கன்ஹாமில் வாழ்ந்த கவிஞர் அலெக்சாண்டர் போப் அவருடைய நண்பர்; அவரது நற்குணத்தைப் பெரிதும் மதித்தவர். ஆயினும் உயிர்களை அறுக்கும் அவர் செயலைப் போப்பால் ஏற்க இயலவில்லை. மனிதருக்கு அவ்வுரிமை உண்டா என்றே ஐயுற்றார். ஹேல்சும் கல்நெஞ்சர் அல்லர். இவ்வாய்வுகளின் அருவருப்பைத் தாங்க மாட்டாமல் அவற்றைப் பல ஆண்டுகள் நிறுத்தி வைத்ததாக அவரே எழுதியுள்ளார். அக்குதிரையின் மரணத்தால் பின்னாளில் எண்ணற்ற மனிதர் பிழைத்தனர் என்பது மெய். அதனால் அந்த நோவு இல்லாமற் போய்விடவில்லை என்பதும் மெய். போப்பின் வினா இன்றும் ஆய்வுக்கூடங்களின் வாயிலில் நிற்கிறது.

1720இல் மேரி என்பவரை மணந்தார். அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். ஹேல்ஸ் மறுமணம் செய்யவில்லை; மக்கட்பேறும் இல்லை.

விலங்குகளை விட்ட ஹேல்சைச் செடிகளிடம் சேர்த்தது ஒரு திராட்சைக் கொடி. வெட்டப்பட்ட அக்கொடியிலிருந்து சாறு வடிந்துகொண்டே இருந்தது. அதனை நிறுத்த வெட்டுவாயில் ஒரு தோற்பையை இறுகக் கட்டினார். சாற்றின் விசையால் அப்பை உப்பியது. குருதியை அளந்த கண்களுக்கு அது வேறொரு குழாயாகத் தோன்றியது. உடனே கொடியில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். வேரின் விசையால் சாறு குழாயில் பல அடி உயரம் ஏறியது. அடுத்து 3½ அடி உயரச் சூரியகாந்தி ஒன்றைத் தொட்டியில் வளர்த்து, மண்ணிலிருந்து நீர் ஆவியாகாதபடி ஈயத் தகட்டால் மூடி, 1724ஆம் ஆண்டுக் கோடையில் காலையும் மாலையும் நிறுத்துப் பார்த்தார். பகற்பொழுதின் 12 மணி நேரத்தில் அச்செடி சராசரியாக 20 அவுன்சு நீரை இலைகளின் வழியே வெளியேற்றியது. பருமனுக்குப் பருமன் ஒப்பிட்டால் அது மனித உடலைப் போல் 17 மடங்கு வியர்க்கிறது என்றார். கரிசல் மண்ணின் ஈரத்தை மட்டும் நம்பிச் சூரியகாந்தி விதைக்கும் கோவில்பட்டி உழவருக்கு இக்கணக்கின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. இவ்வாய்வுகள் 1727இல் நூலாயின. அதன் இரண்டாம் தொகுதியாகவே குருதி பற்றிய நூல் 1733இல் வெளிவந்தது.

அந்நூலில் இரு கருத்துகள் தனித்து நிற்கின்றன. முதலாவது, தமனிகளின் மீள்தன்மை. அந்நாளைய தீயணைப்பு எந்திரத்தில் நீரேற்றும் தண்டு விட்டு விட்டு இயங்கினாலும், காற்றடைத்த குடுவையொன்று இடையே இருந்ததால் நீர் இடையறாது பீறிட்டது. அகன்று சுருங்கும் தமனிச் சுவர்களும் அவ்வாறே துடிப்புகளுக்கு இடையே குருதியோட்டத்தைக் காக்கின்றன என்றார் ஹேல்ஸ். நம் கமலையின் தொட்டியும் அதே பணியைச் செய்வதே. முதுமையில் தமனிகள் விறைக்கும்போது மேல் அழுத்தம் உயர்வதற்கு இத்தொட்டி இறுகிப்போவதும் ஒரு காரணம். இரண்டாவது, நுண்நாளங்களின் தடை. இறந்த விலங்கின் நாளங்களில் குறிப்பிட்ட உயரத்திலிருந்து வெதுவெதுப்பான நீரைச் செலுத்தி, அது கடக்கும் நேரத்தை எண்ணினார். பின் பிராந்தியைச் செலுத்தினார்; ஓட்டம் தாமதித்தது. அழுத்தம் மாறாதிருக்கவும் ஓட்டம் குறைந்ததெனின் நாளங்கள் சுருங்கியிருக்க வேண்டும் என முடிவு செய்தார். ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரே மற்றவர் இவ்விடத்தை வந்தடைந்தனர்.

பிராந்தியும் ஜின்னும் நாளங்களை மட்டுமன்றிக் குடும்பங்களையும் சுருக்குவதைக் கண்ட அவர், 1734இல் குடிப்போருக்கு அறிவுரையாகச் சிறுநூல் ஒன்றை எழுதினார். ஜின் விற்பனையைக் கட்டுப்படுத்தும் 1736ஆம் ஆண்டுச் சட்டத்துக்குத் துணை நின்றார். 1739இல் ராயல் சங்கத்தின் காப்ளி பதக்கம் பெற்றார். அடைபட்ட காற்றில் மனிதர் நலிவதை அறிந்து, பெருந்துருத்திகளால் காற்றை மாற்றும் பொறியை அமைத்தார். கப்பல்களிலும் மருத்துவமனைகளிலும் சிறைகளிலும் அது பொருத்தப்பட்டது. இலண்டனின் நியூகேட் சிறையில் காற்றாலையின் விசையால் அது இயங்கியது. தவறாத மனிதர் என்றும் சொல்வதற்கில்லை. சிறுநீர்க்கல்லைக் கரைப்பதாக ஓர் அம்மையார் விற்ற மருந்தை ஏற்றுப் பரிசளிக்கப் பரிந்துரைத்த அறிஞர் குழுவில் அவரும் இருந்தார். முட்டை ஓட்டைச் சுட்டுப் பொடித்ததும் சவர்க்காரமும் சேர்ந்ததே அம்மருந்து.

அவர் விட்ட இடத்திலிருந்து பிறர் தொடர்ந்தனர். 1828இல் புவாசேய் நீண்ட கண்ணாடிக் குழாய்க்கு மாற்றாகப் பாதரசக் குழாயைக் கொணர்ந்தார். 1896இல் ரிவா-ரோச்சி கையில் சுற்றும் காற்றுப்பட்டையை அமைத்ததும், 1905இல் கொரோட்காவ் நாடியின் ஒலியைக் கேட்டு அளக்கும் முறையைக் கூறியதும் தமனியை அறுக்கும் தேவையை ஒழித்தன. நீடித்த உயர் இரத்த அழுத்தமுடைய பெரும்பாலோரிடம் இதய வெளியீடு இயல்பாகவே இருப்பதும், நாளத்தடையே உயர்ந்திருப்பதும் பின்னர் தெரியவந்தது. 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், நம் நாட்டு மருத்துவம் நெடுங்காலமாக அறிந்திருந்த சர்ப்பகந்தி வேரை நோயாளிகளுக்கு அளித்து, அழுத்தம் தாழ்வதை அளந்து இலண்டன் இதழில் வெளியிட்டார். அவ்வேரின் சத்து இதயத்தின் விரைவையும் தணித்தது, நாளங்களையும் தளர்த்தியது. பரம்பரை அறிவு அளவையோடு கூடியபோது உலகம் செவிசாய்த்தது.

முதுமையிலும் ஹேல்சின் அளக்கும் பழக்கம் ஓயவில்லை. 1754இல் டெடிங்டன் மக்களுக்கு நல்ல குடிநீர் வரும்படி ஓர் ஓடையைத் திருப்பிக் கொணர்ந்தார். அச்செய்தியைத் தேவாலயப் பதிவேட்டில் எழுதும்போது, நொடிக்கு ஒருமுறை அசையும் ஊசலின் மூன்று அசைவுக்குள் அந்நீர் இரண்டு குவார்ட்டுக் கலத்தை நிரப்புகிறது என்பதையும், அவ்வூசலின் நீளம் இத்தனை அங்குலம் என்பதையும் மறவாது குறித்தார். பிறப்பும் இறப்பும் திருமணமும் எழுதும் ஏட்டில் ஓர் ஊர் நீரின் அளவும் இடம்பெற்றது. 1761 சனவரி 4ஆம் நாள், 83ஆம் வயதில் இயற்கை எய்தினார். இளவரசி அகஸ்டா வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பினார். உடல் மட்டும் அவர் விருப்பப்படி டெடிங்டனிலேயே, தாம் கட்டுவித்த தேவாலயக் கோபுரத்தின் அடியில் அடக்கம் செய்யப்பட்டது.